ஏரும் ஆட்சியும் துறவும்: ஓமந்தூரார் வாழ்க்கை வரலாற்று மரபும் குத்தம்பாக்கம் ஊராட்சிக் கதையும்

முன்னுரை

சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பை 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை வகித்தவர் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் (1895–1970). அவரைப் பற்றிச் சோமலெ எழுதிய வாழ்க்கை வரலாறு 'விவசாய முதலமைச்சர்' என்னும் பெயர் கொண்டது. அப்பெயர் நூலின் தலைப்பு என்ற அளவில் நிற்கவில்லை. பின்னர் வந்த நினைவுக் கட்டுரைகளிலும் மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அது அவருக்குரிய நிலைத்த அடைமொழியாயிற்று. இன்று ஓமந்தூரார் என்றவுடன் நினைவுக்கு வருவது எளிமையும் நேர்மையும் உடைய ஓர் உழவர், தாம் நாடாத பதவியை ஏற்று, பிறர் பரிந்துரைகளுக்கு இணங்காமல் ஆண்டு, மனம் ஒவ்வாதபோது அதை உதறிவிட்டு வடலூர் சென்றார் என்னும் சித்திரமே.

இச்சித்திரம் பொய்யன்று. ஆயினும் அது எவற்றைக் காட்டுகிறது, எவற்றை மறைக்கிறது என்னும் வினா வாழ்க்கை வரலாற்றுத் திறனாய்வில் எழுப்பப்பட வேண்டியதாகும். 'உழவர்' என்னும் சொல் அங்கு ஒரு பொருளியல் நிலையைக் குறிக்காமல் ஒழுக்கத்தின் உருவகமாக மாறியிருப்பதையும், அம்மாற்றத்தால் நிலம் பற்றிய அரசியல் அவ்வாழ்க்கைக் கதையிலிருந்து நழுவிவிட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அதே வார்ப்பு அரை நூற்றாண்டுக்குப் பின் பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள குத்தம்பாக்கம் ஊராட்சியின் கதையிலும் தொடர்வதால், அக்கதை இறுதியில் ஒப்புநோக்கப்படுகிறது.

தலைப்பிலுள்ள இரு சொற்கள்

முதலில் 'முதலமைச்சர்' என்னும் சொல். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் மாகாண அமைச்சரவையின் தலைவர் பிரதமர் அல்லது பிரிமியர் என்றே வழங்கப்பட்டார். மாநில முதலமைச்சர் என்னும் பதவி 1950 சனவரி 26இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது உருவானது. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே ஓமந்தூரார் பதவியிலிருந்து விலகிவிட்டார். பிற்காலத்து வழக்கை முற்காலத்தார்மீது ஏற்றிச் சொல்வது இயல்புதான். அதைப் பெருங்குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் இதனால் ஒன்று மறைகிறது. அவர் ஆண்டது இன்றைய தமிழ்நாட்டை அன்று. தெலுங்கு மாவட்டங்களும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்த பன்மொழி மாகாணத்தை ஆண்டார். ஆந்திர உறுப்பினர்களின் நிலைப்பாடு இல்லாமல் அவருடைய எழுச்சியையும் வீழ்ச்சியையும் விளக்க இயலாது. தமிழ்நாட்டு முதல்வர் வரிசையில் அவரை முன்வைக்கும் எழுத்துகள் இப்பின்னணியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

இரண்டாவது சொல் இன்னும் சிக்கலானது. தமிழில் 'விவசாயி' என்னும் சொல் பரந்த போர்வை. நூறு ஏக்கர் வைத்திருப்பவரும் விவசாயி, கால் காணியைத் தாமே உழுபவரும் விவசாயி, குத்தகைக்கு எடுத்தவரும் விவசாயி. பழைய உரைமரபு இவ்வகையில் கூர்மையாக இருந்தது. தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் வேளாளரை உழுதுண்போர், உழுவித்துண்போர் என இரண்டாகப் பகுத்தார். கலப்பையைத் தாமே பிடிப்பவரையும் பிறரைக் கொண்டு பிடிக்கச் செய்பவரையும் ஒரே பெயரால் குறிக்க அவ்வுரையாசிரியருக்கு மனமில்லை. இருபதாம் நூற்றாண்டு வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் அப்பகுப்பைக் கைவிட்டனர். ஓமந்தூரார் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் நிலவுடைமை வாய்ந்த ரெட்டியார் குடும்பத்தில் பிறந்தவர். நச்சினார்க்கினியர் பகுப்பின்படி அவர் இரண்டாம் வகையினர். 'விவசாய முதலமைச்சர்' என்னும் தொடர் இதை மறுக்கவில்லை. சொல்லாமல் விடுகிறது, அவ்வளவே.

பட்டாதாரரின் அரசியல்

ஓமந்தூரார் உழவராக இருந்தமையால்தான் ஜமீன் ஒழிப்பு நிகழ்ந்தது என்பது அவரைப் பற்றிய எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வரும் வாதம். உழவரின் துயரை உழவரே அறிவார் என்பது அதன் உட்பொருள். மேலோட்டமாக இது பொருத்தமாகத் தோன்றினாலும் நில வரலாறு இதற்கு இடந்தரவில்லை.

1802ஆம் ஆண்டு நிரந்தரத் தீர்வை ஒழுங்குமுறையால் சென்னை மாகாணத்தில் நிலைபெற்ற ஜமீன்தாரி முறை வட ஆந்திர மாவட்டங்களில் வலுவாகவும், தமிழ்ப் பகுதியில் இராமநாதபுரம், சிவகங்கை போன்ற இடங்களில் சிறப்பாகவும் வேரூன்றியிருந்தது. தென்னார்க்காடு மாவட்டமோ பெரும்பகுதி ரயத்துவாரி. அங்கே பட்டாதாரர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை செலுத்தினார். அவருக்கும் அரசுக்கும் இடையே ஜமீன்தார் இல்லை. ஆகவே ஓமந்தூர் நிலவுடைமையாளர் ஒருவர் தம் சொந்த அனுபவத்தில் கண்ட கொடுமை ஜமீன் கொடுமை ஆகாது. ஜமீன் ஒழிப்புக்கு வேறொரு நெடிய வழி உண்டு. 1908ஆம் ஆண்டு சென்னை எஸ்டேட் நிலச் சட்டம், 1937இல் அமைந்த காங்கிரசு அமைச்சரவைக் காலத்தில் த. பிரகாசம் தலைமையில் நடந்த விசாரணை, ஆந்திர ரயத்துச் சங்கங்களின் தொடர் கிளர்ச்சி ஆகியவை அவ்வழியின் மைல்கற்கள். ஓமந்தூரார் அமைச்சரவையில் வருவாய்த் துறையை வகித்த கலா வெங்கட ராவ் ஆந்திரப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. 1947இல் வந்த வாடகைக் குறைப்புச் சட்டமும், 1948இல் நிறைவேறிய எஸ்டேட் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றும் சட்டமும் இப்பின்னணியின் விளைவுகள்.

சட்டத்தின் பெயரிலேயே அதன் எல்லை அடங்கியுள்ளது. எஸ்டேட்டை ஒழித்து அதை எதுவாக மாற்றுவது? ரயத்துவாரியாக. அதாவது ஓமந்தூரில் ஏற்கெனவே நிலவிய முறையை மாகாணம் முழுமைக்கும் பொதுவாக்குவது. இவ்விடத்தில்தான் அவருடைய உழவர் அடையாளம் உண்மையில் பொருள் பெறுகிறது. அவர் வாழ்ந்து பழகிய ஒழுங்கு பட்டாதாரரின் ஒழுங்கு. அதையே இயல்பான, நேரிய நிலமுறையாக அவர் கண்டிருக்க வேண்டும். ஜமீன்தார் நீக்கப்பட வேண்டிய இடையீட்டாளர். பட்டாதாரரோ இடையீட்டாளர் அல்லர், 'விவசாயி'. அவருக்குக் கீழே குத்தகைக்குப் பயிரிட்டவருக்கும் பண்ணையாளுக்கும் அச்சட்டம் உரிமை எதையும் வகுக்கவில்லை. ஜமீன்தார்கள் தங்கள் சொந்தப் பண்ணை நிலத்துக்குப் பட்டா பெறவும் வழியிருந்தது. இழப்பீடும் வழங்கப்பட்டது.

தஞ்சை இதற்குத் தெளிவான எதிர்ச்சான்று. அங்கே சிக்கல் ஜமீன்தாருக்கும் ரயத்துக்கும் இடையே இருந்ததைவிட மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் இடையே கூர்மையாக இருந்தது. சாட்டையடி, சாணிப்பால் புகட்டுதல் ஆகிய தண்டனைகளுக்கு எதிராகப் பி. சீனிவாசராவ் முதலியோர் திரட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் 1944இல் மன்னார்குடி உடன்பாட்டை எட்டியிருந்தது. ஓமந்தூரார் ஆட்சிக்காலத்தில் மாயூரத்தில் கூலி குறித்து ஓர் ஒப்பந்தம் 1948இல் ஏற்பட்டது. ஒப்பந்தமாகவே அது நின்றது. பண்ணையாளைப் பாதுகாக்கும் சட்டம் 1952இல், இராசாசி ஆட்சியில்தான் வந்தது. 'விவசாய முதலமைச்சர்' ஆண்ட காலத்தில் வராத அச்சட்டம், உழவர் என்று எவரும் அழைத்திராத ஒருவர் காலத்தில் வந்தது என்னும் முரணை வாழ்க்கை வரலாற்று மரபு எதிர்கொள்ளவில்லை. 1952இல் இராசாசியை அந்நடவடிக்கைக்குத் தூண்டியது உழவர்பால் கொண்ட பரிவு மட்டுமன்று, அவ்வாண்டுத் தேர்தலில் தஞ்சையில் பொதுவுடைமைக் கட்சி காட்டிய வலிமையும்தான் என்பது உண்மையே. அந்த உண்மையும் இதே பாடத்தைத்தான் தருகிறது: நிலச் சட்டங்களை ஆள்வோரின் பிறப்பும் பண்பும் மட்டுமே உருவாக்குவதில்லை.

சொல்லப்படாத ஆண்டு

வாழ்க்கைக் கதைகளில் 1948 மதுவிலக்கு மாகாணம் முழுவதும் நிறைவுற்ற ஆண்டாக இடம்பெறுகிறது. அதே ஆண்டு மார்ச்சில் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படை தடை செய்யப்பட்டது. பள்ளிகளில் இந்தியைப் புகுத்தும் ஆணைக்கு எதிராகப் பெரியாரும் அண்ணாவும் போராட்டம் நடத்தினர். பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பொதுவுடைமையர் பலர் சிறையிடப்பட்டனர். கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் தலைவர் களப்பால் குப்பு அவ்வாண்டில் சிறையிலேயே இறந்தார்.

இவற்றைக் குறிப்பிடுவது ஓமந்தூராரின் புகழைக் குறைக்கும் நோக்கில் அன்று. தெலங்கானாப் போராட்டம் எல்லையில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. காங்கிரசு அரசுகள் எங்கும் அவ்வாறே நடந்துகொண்டன. ஆனால் ஓர் உழவரின் ஆட்சியில் உழுகுடிகளின் தலைவர் சிறையில் மடிந்தார் என்னும் செய்தி, அவ்விருவரும் 'விவசாயி' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கார் என்பதை எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாக உணர்த்துகிறது. குப்புவின் வாழ்க்கையை எழுதியோர் ஓமந்தூராரின் எளிமையைப் பேசுவதில்லை. ஓமந்தூராரைப் போற்றுவோர் குப்புவின் பெயரையே எடுப்பதில்லை. இரு வாழ்க்கை வரலாற்று மரபுகளும் ஒரே இரண்டாண்டுகளைப் பற்றியவை. எனினும் ஒன்றின் பக்கத்தில் மற்றொன்று வைக்கப்பட்டதே இல்லை எனலாம்.

துறவு என்னும் வார்ப்பு

இம்மறதி ஆசிரியர்களின் நேர்மைக் குறைவால் விளைந்ததன்று. அவர்கள் கையாண்ட கதைவடிவத்தால் விளைந்தது. அவ்வடிவம் தமிழுக்குப் புதியதும் அன்று. அரசுரிமையைத் துறந்த இளங்கோவடிகள் பற்றிய மரபுக்கதை, பதவியை விரும்பாதவரே உயர்ந்தோர் என்னும் எண்ணத்தை ஆழ ஊன்றியது. பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் விதைத்த நெல்லை மழையிரவில் வாரிவந்து அடியாருக்கு அமுது படைத்தவர். அங்கே உழவுத்தொழில் ஈகையின் களம். உரோமரிடையே சின்சினாட்டசு ஏரை விட்டுவந்து பதினாறு நாள் ஆண்டு மீண்டும் ஏருக்குத் திரும்பினார் என்பர். அதை விரித்தெழுதிய லிவி ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டவர். தம் காலத்து அரசியல்வாதிகளுக்குச் சொல்ல வேண்டியதைப் பழைய உழவர் ஒருவர் வாயிலாகச் சொன்னார்.

ஓமந்தூராரின் வாழ்க்கை இவ்வார்ப்பில் எளிதாகப் பொருந்தியது. அவருக்கு இரமணரிடத்தும் வள்ளலார் நெறியிடத்தும் ஈடுபாடு இருந்தது. பதவி விலகிய பின் வடலூரில் சன்மார்க்கப் பணியிலும் கல்விப் பணியிலும் ஈடுபட்டார். ஆகவே ஏர், ஆட்சி, துறவு என்னும் மூன்று படிகள் எழுதுவோர் முயலாமலே அமைந்துவிட்டன. வார்ப்பு அமைந்ததும் அதற்குள் அடங்காதவை உதிர்ந்தன. 1947இல் பிரகாசத்தின் தலைமைக்கு எதிராகச் சட்டமன்றக் காங்கிரசில் எழுந்த அதிருப்தி, காமராசர் அணியின் ஆதரவு, பின்னர் அதே கட்சிக்குள் இவர்மீது எழுந்த முறையீடுகள், 1949இல் பி. எசு. குமாரசாமி ராசா தலைமைக்கு வந்த விதம் ஆகியவை கட்சி அரசியலின் நிகழ்வுகள். துறவுக் கதையில் இவை 'சூழ்ச்சி' என்னும் ஒரு சொல்லாகச் சுருங்குகின்றன. நல்லவர் ஒருவர், சூழ்ச்சிக்காரர் பலர் என்னும் அமைப்பு நாடகத்துக்கு ஏற்றது, வரலாற்றுக்கு ஏற்றதன்று.

1947 நவம்பரில் திருத்தப்பட்ட வகுப்புவாரி ஆணையை எடுத்துக்கொள்ளலாம். பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணருக்கு இரண்டு, அரிசனங்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் ஒன்று, முசுலிம்களுக்கு ஒன்று என்பது அதன் பங்கீடு. பிற்படுத்தப்பட்டோர் என்னும் பிரிவு தனியே பிரித்தெடுக்கப்பட்டது இவ்வாணையில்தான். இது சமூக அரசியலில் தொலைநோக்குடைய முடிவு. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கின் வாயிலாக அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கே காரணமாயிற்று. ஆனால் வாழ்க்கைக் கதைகளில் இது எதிர்ப்பாளர்கள் அவரைத் 'தாடியில்லாத இராமசாமி' என்று ஏசினர் என்னும் சுவையான செய்திக்கு முன்னுரையாக மட்டும் பயன்படுகிறது. பங்கீட்டைவிட வசை நினைவில் நிற்கிறது. துணுக்கு எழுத்தின் வெற்றி இது.

இவ்வார்ப்பிலிருந்து விடுபட்ட ஆய்வு எத்தகைய பயன் தரும் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பாரதி பாடல்கள் 1949இல் நாட்டுடைமையானதை ஓமந்தூராரின் பெருந்தன்மையாகவே நெடுங்காலம் சொல்லிவந்தனர். ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' நூலில் இந்நிகழ்வைச் சான்றுகளோடு விரித்தபோது, நாரண. துரைக்கண்ணன் முதலியோர் பங்கேற்ற பாரதி விடுதலைக் கழகம், தி. க. சண்முகம் சகோதரர்கள், உரிமையை விட்டுக்கொடுத்த ஏ. வி. மெய்யப்பன், கவிஞரின் குடும்பத்தார், கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் எனப் பலர் காட்சிக்குள் வந்தனர். அதனால் ஓமந்தூரார் சிறுத்துவிடவில்லை. பலரின் கோரிக்கைகளைக் கேட்டு முடிவெடுக்கக்கூடிய ஓர் ஆட்சியாளராகத் தெரிகிறார். தனித்து நின்று அருள்புரியும் சான்றோர் என்பதைவிட இது மதிப்பு மிக்க உருவம். 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் இம்முறையில் எழுதப்பட வேண்டியவை. முன்னதற்கு 1939ஆம் ஆண்டு மதுரை ஆலய நுழைவும் அதையொட்டிய சட்டமும் வழிவகுத்தன. பின்னதற்கு முத்துலட்சுமி ரெட்டியின் இருபதாண்டு உழைப்பு உண்டு.

குத்தம்பாக்கம்: சேரியிலிருந்து தொடங்கும் கதை

தமிழ் வாழ்க்கைக்கதை மரபில் உழுவிப்போருக்கு ஒரு வடிவமும் உழுவோருக்கு வேறொரு வடிவமும் உண்டு. மாறனார் கதையில் நிலம் அவருடையது. நந்தன் கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் கீர்த்தனையாக்கியபோது, பெரியபுராணத்தில் இல்லாத நிலவுடைமை வேதியர் ஒருவரைச் சேர்த்தார். அடிமை உழவனின் பத்தியைச் சொல்ல ஓர் ஆண்டை இல்லாமல் முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். இவ்விரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் நிற்பது குத்தம்பாக்கத்தின் கதை.

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூர் முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை, மிராசு உரிமை நிலமற்றோரை எவ்வாறு நிலத்திலிருந்து விலக்கிவைத்தது என்பதை அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. பஞ்சமி நிலம் பற்றிய உரையாடல்கள் அதிலிருந்தே தொடங்குகின்றன. அத்தகைய நிலவியலில் தலித் குடும்பத்தில் பிறந்த வேதிப்பொறியாளர் இளங்கோ ரங்கசாமி, ஆராய்ச்சி நிறுவனப் பணியை விட்டு ஊர் திரும்பி 1996இல் ஊராட்சித் தலைவரானார். 2001இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாகாண ஆட்சியோடு ஒப்பிட ஊராட்சி சிறிது. கதைவடிவமோ ஒன்றே. இதழ்க் கட்டுரைகள் அநேகமாக அவர் துறந்த வேலையிலிருந்தே தொடங்குகின்றன. அரியணைக்குப் பதில் அறிவியலாளர் பணி. மற்றபடி இளங்கோவடிகள் கதையேதான். பெயர்ப் பொருத்தம் தற்செயல்.

அவ்வாறு தொடங்குவதால் மறைவது யாது? 73ஆம் அரசமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் 1996இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலும் இல்லையெனில், வேலையைத் துறந்த பொறியாளர் ஊரில் ஒரு தொண்டராக இருந்திருப்பார், தலைவராகியிருக்க மாட்டார். நடைமுறை விதிகளை மீறினார் என்று இடைநீக்கம் செய்யப்பட்டு அவர் மீண்டும் பொறுப்பேற்ற நிகழ்வை நேர்மையாளருக்கு நேர்ந்த சோதனையாகவே கட்டுரைகள் சித்திரிக்கின்றன. ஊராட்சி தன் பணத்தைத் தன் முறையில் செலவிடலாமா என்னும் அதிகாரச் சிக்கல் அதில் இருப்பது கவனம் பெறவில்லை. கள்ளச்சாராயம் காய்ச்சுவோரை வேறு தொழிலுக்குத் திருப்பிய செய்தி எல்லாக் கட்டுரைகளிலும் உண்டு. 1948இல் மாகாண மதுவிலக்கு ஒழுக்கத்தின் வெற்றியாக எழுதப்பட்டது. குத்தம்பாக்கத்தில் அது நிலமற்றோரின் பிழைப்பைப் பற்றிய வினாவாகத் திரும்பி வந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் அரியர்.

ஆயினும் ஓமந்தூரார் கதையில் காணாத ஒன்று இங்கே உண்டு. சமத்துவபுரத் திட்டத்தின்கீழ்க் குத்தம்பாக்கத்தில் இரட்டை வீடுகள் கட்டப்பட்டன: ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் பிற சாதிக் குடும்பம், இடையே பொதுச்சுவர். ஊர், சேரி என்னும் பிரிவு ஒரு சுவரின் இருபுறமாகக் குறுக்கப்பட்டது. இங்கே தலைவரின் குணத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அந்தச் சுவரைக் குறிப்பிடாமல் எவராலும் எழுத முடியவில்லை. வாழ்க்கைக்கதைக்குள் இடம் பற்றிய அரசியல் தவிர்க்க முடியாமல் நுழைந்துவிடுகிறது. கதைசொல்லும் தன்மையும் அதனால் மாறுகிறது.

நிலத்தைப் பற்றியும் இதே நிலைதான். சென்னையின் குப்பையைக் கொட்டக் குத்தம்பாக்கத்தின் மேய்க்கால் புறம்போக்கு தேர்ந்தெடுக்கப்பட்டபோது ஊரார் அதை எதிர்த்தனர். செம்பரம்பாக்கம் ஏரிக்கு ஏற்படக்கூடிய கேட்டையும் சுட்டிக்காட்டினர். மேய்க்கால் நிலத்துக்குப் பட்டா கிடையாது. காணி நிலம் இல்லாதவரும் இரண்டு மாடு வைத்திருந்தால் அங்கே மேய்க்கலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் எஸ்டேட் பகுதிகளில் இத்தகைய பொது நிலங்களை அரசின் வசம் சேர்த்தது. பயிரிடும் ரயத்துக்குப் பட்டா வழங்கியது. மாடு மட்டும் உடையவரை அது பெயரிட்டு அழைக்கவில்லை. 'விவசாய முதலமைச்சர்' என்னும் தொடரில் உள்ள விவசாயி அவர் அல்லர். குத்தம்பாக்கம் மேய்க்காலைக் காக்கத் திரண்டவர்களுள் அவரும் ஒருவர்.